இவரா அந்த வேடத்துக்கு?

கல்கியின் பொன்னியின் செல்வனை மணிரத்னம் படமாக்கப்போகிறார் என்பது உறுதியானபோது தமிழ் வாசகர்களிடம் இரண்டு பேச்சுகள் ஒரே மூச்சில் எழுந்தன. ஒரு வழியாக நடக்கப்போகிறதே என்பது ஒன்று. இவரா அந்த வேடத்துக்கு என்பது மற்றொன்று. ஆதித்த கரிகாலன் கதையில் இளம் பட்டத்து இளவரசன். நடிக்க வந்த விக்ரம் ஐம்பதைத் தாண்டியவர். ஆழ்வார்க்கடியான் குட்டையான, கட்டுக்குட்டென்ற வைணவன். ஜெயராம் நெடிய மனிதர். நந்தினிக்கு ஐஸ்வர்யா ராயா, தமிழ் பேசத் தெரியாதே என்றார்கள். குந்தவைக்கு த்ரிஷாவா, அந்தக் கம்பீரம் வருமா என்றார்கள். வந்தியத்தேவனுக்குக் கார்த்தி என்றபோது மட்டும் எதிர்ப்பு சற்றுத் தணிந்திருந்தது. இப்படி ஒவ்வொரு பெயரையும் தராசில் நிறுத்துக் குறைசொன்னவர்கள்தான் 2022 செப்டம்பர் 30 அன்று முதல் காட்சிக்கு வரிசையில் நின்றவர்களும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். இயக்குநர்மேல் நம்பிக்கை இருந்தால் அவர் தேர்வின்மேலும் நம்பிக்கை வைக்க வேண்டியதுதானே? தேர்வின்மேல் நம்பிக்கை இல்லையென்றால் எதற்கு இந்த ஆவல்?

இந்த இரண்டு உணர்ச்சிகளும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல என்பதைத் தமிழ் சினிமாவின் வரலாறே காட்டுகிறது. நடிகர் தேர்வு என்பது இயக்குநர் ஒரு கதைக்கு எழுதும் முதல் உரை. திரைக்கதை, ஒளி, இசை எல்லாம் வருவதற்கு முன்பே, இந்தப் பாத்திரத்தை நான் இப்படிப் படிக்கிறேன் என்று அவர் சொல்லிவிடுவது அங்கேதான். மூலத்தை அறிந்தவன் உரையை ஐயுறுவான். அது அவன் உரிமை. குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்று கணக்குச் சொல்லும் மொழி இது. பரிமேலழகரோடு முரண்பட்டுக்கொண்டே பரிமேலழகரைத் தேடிப் படிப்பது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. நடிகர் தேர்வின்மேல் எழும் ஐயம், முகத்தைப் பற்றிப் பெரும்பாலும் சரியாகவே பேசுகிறது. அந்த முகத்தை வைத்து இயக்குநர் என்ன செய்யப்போகிறார் என்பது அதன் எட்டுக்கு அப்பாற்பட்டது. எதிர்பார்ப்பு வேர்விடுவது அந்த இரண்டாவது இடத்தில். இந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கம் எப்படித் தோன்றி எப்படி மாறியது என்று பார்த்தால் இது விளங்கும்.

தொடக்கத்தில் இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் வேடத்துக்கு ஆள் தேடுவதில்லை, ஆளுக்கு வேடம் முன்பே இருந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நடிகனின் பெயரோடு அவன் பார்ட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாய்ஸ் கம்பெனியில் குரல் உடையாத பையன் வள்ளியாகவோ தமயந்தியாகவோ வருவான். குரல் உடைந்தால் பார்ட் மாறும். அவன் பெண் மாதிரி இருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. பாட்டு சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். பேசும்படம் வந்த பிறகும் சில ஆண்டுகள் இந்த நியாயமே தொடர்ந்தது. 1935-இல் வெளிவந்த பக்த நந்தனாரில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஓர் ஆண் அடியாரின் வேடத்துக்கு ஒரு பெண், அதுவும் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1941-இல் வந்த சாவித்திரியில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர். இந்தத் தேர்வுகளை இன்றைய கண்ணால் பார்த்தால் விபரீதமாகத் தெரியும். அன்று கொட்டகைக்கு வந்தவர்கள் காதோடு வந்தவர்கள். வேடத்துக்குப் பொருத்தம் என்றால் அவர்களுக்குக் குரல்பொருத்தம். முகம் தனக்கென ஓர் அர்த்தத்தைச் சுமக்கத் தொடங்கிய பிறகுதான் முகத்தைப் பற்றிய ஐயமும் தொடங்கியது.

அந்தத் திருப்பத்தின் நடுவில் நிற்கிறது பராசக்தி. நாடகமேடையிலிருந்து வந்த வி.சி. கணேசனை, பின்னாளின் சிவாஜி கணேசனை, கதாநாயகனாகப் போடுவதில் ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்கு விருப்பமில்லை, கே.ஆர். ராமசாமி போன்ற நிலைபெற்ற நடிகரை அவர் மனத்தில் வைத்திருந்தார். எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்தபோதும் ஒல்லியான அந்த உருவம் அவருக்குத் திருப்தி தரவில்லை. படத்தின் மற்றொரு பங்குதாரரான நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள், இந்தப் பையன்தான் என்று பிடிவாதமாக நின்றார். நூர்ஜகான் நாடகத்தில் கணேசனைப் பெண்வேடத்தில் பார்த்து வியந்தவர் அவர். கணேசன் உடம்பு தேறிய பிறகு சில காட்சிகள் மறுபடியும் எடுக்கப்பட்டன. 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. இந்தக் கதையைப் பொதுவாக, பெரிய முதலாளி ஒரு மேதையை அடையாளம் காணத் தவறிய கதையாகச் சொல்வார்கள். அதைவிட நுட்பமான ஒன்று இதில் இருக்கிறது. மெய்யப்பன் கண்ட குறை பொய்யில்லை. ஆள் ஒல்லிதான், கன்னம் ஒட்டித்தான் இருந்தது. பெருமாள் கண்டது அந்த உடம்பில் இல்லாத வேறொன்று: மு. கருணாநிதியின் நீண்ட வசனத்தை ஏற்றி இறக்கிச் சுமக்கக்கூடிய குரலும் மூச்சும். ஒருவர் உருவத்தைப் பார்த்தார், மற்றவர் அந்த உருவத்துக்குக் கிடைக்கப்போகும் வேலையைப் பார்த்தார். இருவரும் அவரவர் பார்த்த அளவில் சரிதான். இந்த ஐயம் ஸ்டுடியோவின் சுவர்களுக்குள் எழுந்து அங்கேயே முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கணேசனைத் திரையில் அறியாத ரசிகனுக்கு ஐயப்பட எதுவுமில்லை.

ரசிகன் ஐயப்பட வேண்டுமானால் முகம் அவனுக்குப் பழகியிருக்க வேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் அது நடந்தது. ஆனால் கேள்வி தலைகீழாக எழுந்தது. இந்த வேடத்துக்கு இவர் பொருந்துவாரா என்று கேட்கவில்லை, இவருக்கு இந்த வேடம் தகுமா என்று கேட்டார்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. முதல் கேள்வியில் பாத்திரம் பெரியது, நடிகர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியவர். இரண்டாவதில் நடிகர் பெரியவர், பாத்திரம் அவருக்கு ஊறு செய்யக்கூடாது. எம்.ஜி.ஆர். குடிப்பவராக வரக்கூடாது, பெண்ணை இழிவுசெய்யக்கூடாது, முக்கியமாகச் சாகக்கூடாது. 1962-இல் டி.ஆர். ராமண்ணா இயக்கிய பாசம் படத்தின் முடிவில் அவர் இறந்துபோகிறார். ரசிகர்கள் அதை ஏற்கவில்லை, படமும் ஓடவில்லை. அந்தச் சூழலில் இயக்குநரின் பெயரைச் சொல்லி யாரும் ஆவலோடு காத்திருக்க வாய்ப்பு குறைவு. நடிகருக்கேற்பக் கதை வெட்டப்படும் இடத்தில் தேர்வு என்று ஒன்று நடப்பதில்லை. தேர்வு இல்லாத இடத்தில் அதைப் பற்றிய விவாதமும் இல்லை.

இந்த நிலையைக் கலைத்தவர்களில் முதலாவதாகச் சொல்லவேண்டியவர் ஸ்ரீதர். 1959-இல் கல்யாணப் பரிசு வந்த பிறகு, யார் நடித்த படம் என்பதோடு யார் எடுத்த படம் என்பதும் டிக்கெட் விற்கும் செய்தியாயிற்று. 1964-இல் காதலிக்க நேரமில்லையில் ரவிச்சந்திரன், அடுத்த ஆண்டு வெண்ணிற ஆடையில் ஜெயலலிதா, நிர்மலா, ஸ்ரீகாந்த் என்று புதுமுகங்களை இறக்கிவிட அவருக்குத் துணிவு தந்தது அந்தப் பெயர்தான். கே. பாலசந்தர் இன்னும் ஒரு படி போனார். புதிய முகத்தைப் போடுவதில் ஒரு வசதி உண்டு. அதற்கு முன்கதை கிடையாது. பாலசந்தர் எடுத்துக்கொண்டது முன்கதை நிறைந்த ஒரு முகத்தை. 1965-இல் அவர் இயக்கிய முதல் படமான நீர்க்குமிழியில் நாகேஷ்தான் மையம், அதுவும் மருத்துவமனையில் சாவை நோக்கிப் போகும் ஒரு நோயாளியாக. திரையில் நாகேஷ் தலைகாட்டினாலே கொட்டகை சிரித்த காலம் அது. அந்தச் சிரிப்பை அவர் தடுக்கவில்லை. சிரிக்கவிட்டு, சிரித்தவனையே பிறகு குற்றவுணர்வோடு உட்காரவைத்தார். நாகேஷின் முகம் கோமாளி முகம் என்ற ஐயம் அங்கே தவறென்று ஆகவில்லை. அந்த உண்மையே படத்தின் கச்சாப்பொருளாயிற்று. தமிழில் நல்ல இயக்குநர்கள் பிறகு செய்த பல தேர்வுகளுக்கும் அடிப்படை இதுதான்.

முள்ளும் மலரும் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. உமாசந்திரனின் நாவலைத் தன் முதல் படமாக எடுக்க வந்த மகேந்திரன், காளி வேடத்துக்கு ரஜினிகாந்த்தான் என்றார். தயாரிப்பாளர் வேணு செட்டியார் மறுத்தார்: கறுப்பு நிறம், அதுவரை செய்ததெல்லாம் வில்லத்தனம், இவரைப் பாசமுள்ள அண்ணனாக யார் ஏற்பார்கள்? ரஜினி இல்லையென்றால் படத்தை நான் இயக்கவில்லை என்று மகேந்திரன் சொன்ன பிறகே காரியம் நகர்ந்தது. மறுப்பில் இரண்டு சரடுகள் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறத்தைச் சொன்னது வெறும் மனக்கோணல். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வில்லன் முகம் என்று சொன்னதில் விஷயம் இருந்தது. மூன்று முடிச்சிலும் பதினாறு வயதினிலேயிலும் ரஜினியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணில் ஓர் அபாயம் பழகியிருந்தது. காளிக்குத் தேவைப்பட்டதும் அதே அபாயம். மின்நிலையத்தில் விஞ்ச் ஓட்டும் அவன் தங்கைமேல் உயிரை வைத்திருக்கிறான். அந்தப் பாசமே அவளை நெரிக்கும் கயிறாகவும் ஆகிறது. சாதுவான முகம் ஒன்று அந்த வேடத்தில் இருந்தால் நமக்கு இரக்கம் வந்திருக்கும், பயம் வந்திருக்காது. ஒரு கையை இழந்து வெறும் சட்டைக்கை தொங்க அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, முன்பு பார்த்த திமிர் எல்லாம் அந்தத் துணியில் தொங்குகிறது. கடைசியில் தங்கையை இஞ்சினியரிடம் ஒப்படைக்கும்போதும், உன்னை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். வில்லனின் மிச்சம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் காட்சி வெறும் கண்ணீராகப் போயிருக்கும்.

முகத்தின் முன்கதையைப் பயன்படுத்த இன்னொரு வழி, அதை வேண்டுமென்றே வெளியே நிறுத்துவது. பாரதிராஜா இதில் தேர்ந்தவர். நகரத்து அழகனாக அறியப்பட்டுக்கொண்டிருந்த கமல்ஹாசனைப் பதினாறு வயதினிலேயில் கோவணமும் வெற்றிலைச் சாறுமாய்ச் சப்பாணியாக நிறுத்தினார். 1985-இல் முதல் மரியாதைக்குச் சிவாஜி கணேசனைக் கொண்டுவந்தபோது ஐயம் நேரெதிர்த் திசையிலிருந்து வந்தது. வெட்டவெளியில், புதுமுகங்களோடு, பேச்சுவழக்கு மாறாமல் படமெடுக்கும் ஒருவருக்கு, மேடையின் முழக்கத்தைக் கலையாக்கிய நடிகர் எப்படிச் சரிப்படுவார்? படத்தில் அந்த முழக்கம் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஊர்ப்பெரியவர் ஆற்றங்கரையில் பரிசலோட்டும் பெண்ணோடு பேசும்போது குரல் தொண்டையைத் தாண்டி உயர்வதில்லை. வீட்டில் மனைவியின் வசைமாரிக்கு நடுவே அவர் மௌனமாகச் சாப்பிடுகிறார். முப்பது ஆண்டுகள் வெடித்துக் கேட்ட குரல் இங்கே வெடிக்காமல் இருப்பதை நாம் ஒவ்வொரு கணமும் உணர்கிறோம். பாத்திரம் அடக்கிவைத்திருக்கும் ஆசையின் அளவு அதிலேதான் தெரிகிறது. முன்பின் அறியாத நடிகர் இதே மௌனத்தைக் காத்திருந்தால் அது வெறும் மௌனம். ஐயப்பட்டவர்கள் சிவாஜியின் குரலை மறக்க முடியாது என்றார்கள். மறக்க முடியாததனால்தான் படம் அந்த வேலையைச் செய்கிறது.

மணிரத்னத்திடம் வரும்போது தேர்வு தன்னளவிலேயே ஒரு வாதமாகிறது. 1997 பொங்கலுக்கு வந்த இருவர், எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் நினைவூட்டும் இரண்டு பாத்திரங்களைப் பற்றியது. தமிழ் அரசியலின் நெஞ்சில் இருக்கும் கதைக்கு ஆனந்தனாக மோகன்லால் என்ற மலையாள நடிகர், தமிழ்ச்செல்வனாகக் கர்நாடகத்திலிருந்து வந்து தமிழில் சில படங்களே செய்திருந்த பிரகாஷ்ராஜ். தமிழ்ச்செல்வன் வேடத்துக்கு நானா படேகர், மம்மூட்டி என்று பேச்சு அடிபட்டு ஓய்ந்த பிறகு அது பிரகாஷ்ராஜிடம் வந்தது. தமிழ் நடிகரே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த இடத்தில் ஒரு தமிழ் நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். அவர் தனியாக வரமாட்டார்; அவருடைய ரசிகர் மன்றம், கட்சிச் சாய்வு, அடுத்த தேர்தல் பற்றிய ஊகம் எல்லாம் கூடவே வரும். மோகன்லாலிடம் தமிழ்நாட்டில் அப்படி எந்தச் சுமையும் இல்லை. வாய்ப்புக்கு அலையும் நடிகனாக அவர் வரும் தொடக்கக் காட்சிகளில், இந்த ஊருக்கு இன்னும் சொந்தமாகாத ஒருவனின் தயக்கம் இயல்பாகவே அமைகிறது. அவர் நினைவூட்டும் மனிதரே கண்டியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தவர்தான். படம் வசூலில் தோற்றது. பிரகாஷ்ராஜுக்குத் துணைநடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. கொட்டகையில் தோற்ற படம் இன்று மணிரத்னத்தின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது என்பதை, ஐயத்துக்கு எதிரான சாட்சியாக நான் முன்வைக்கவில்லை. வசூலும் பொருத்தமும் வெவ்வேறு கணக்கு என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அப்படியானால் நல்ல இயக்குநர் கையில் யார் நடித்தாலும் சரிதானே என்று ஒருவர் முடிவுகட்டலாம். அதை மறுக்கும் சோதனையை மணிரத்னமே இரண்டு முறை செய்துகாட்டியிருக்கிறார். 2004-இல் ஆய்த எழுத்து தமிழிலும் யுவா இந்தியிலுமாக ஒரே நாளில் வந்தன. அடியாள் வேடத்தில் இங்கே மாதவன், அங்கே அபிஷேக் பச்சன். 2010-இல் ராவணனும் இந்தி ராவணும் அதேபோல ஒரே நாளில். இயக்குநர் அதே ஆள், கதை அதே கதை, ஐஸ்வர்யா ராயே இரண்டிலும் நாயகி, அருவியும் காடும்கூட அவையே. தமிழில் கடத்திப்போகும் வீராவாக விக்ரம்; இந்தியில் அந்த வேடம் அபிஷேக்குக்கு, விக்ரம் அங்கே துரத்திவரும் போலீஸ் அதிகாரி. யுவாவில் அபிஷேக்குக்குப் பெயர் வந்தது, பிலிம்பேர் விருதும் வந்தது. ராவணில் அதே அபிஷேக்கின் நடிப்புதான் அதிகம் குறைசொல்லப்பட்டது. தமிழில் விக்ரமின் வீரா பாராட்டப்பட்டது. நடிகரை மாற்றினால் படம் மாறும் என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தாற்போல் இது நிரூபணம். இன்னொன்றும் இதில் தெரிகிறது. ஒரே நடிகர் ஆறாண்டு இடைவெளியில், ஒரே இயக்குநரிடம், ஒன்றில் பொருந்தி மற்றொன்றில் வழுக்கியிருக்கிறார். ஆகவே நல்ல நடிகர், மட்டமான நடிகர் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. பொருத்தம் என்பது நடிகரிடம் இருக்கும் குணமல்ல, நடிகருக்கும் வேடத்துக்கும் நடுவில் நேரும் ஒன்று.

இந்தப் பின்னணியோடு பொன்னியின் செல்வனுக்குத் திரும்பலாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோதே அந்தக் கதைக்கு முகங்கள் கிடைத்துவிட்டன. அவற்றைத் தந்தது ஓவியர் மணியத்தின் தூரிகை. குந்தவையின் உயர்ந்த கொண்டை வாசகர் மனத்தில் கல்வெட்டாயிற்று. இதழ் அதைப் பின்னர் மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டபோது வினு, பத்மவாசன் போன்றவர்கள் வேறு கோடுகளில் வரைந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வந்தியத்தேவன். 1958-இல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கிப் படத்தை அறிவித்தார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று பெயர்கள் வெளிவந்தன. அவர் விபத்தில் காயமுற்றதோடு அது நின்றது. அந்தத் திரைக்கதையை எழுத அவர் அமர்த்திய இளைஞர்தான் பின்னாளில் முள்ளும் மலரும் எடுத்த மகேந்திரன். எண்பதுகளின் இறுதியில் கமல்ஹாசனோடு சேர்ந்து மணிரத்னம் ஒருமுறை முயன்றார். 2010-ஐ ஒட்டி மறுபடி முயன்றபோது விஜய், மகேஷ்பாபு பெயர்கள் அடிபட்டன. செலவு கட்டுப்படி ஆகாமல் அதுவும் கைவிடப்பட்டது. நடுவில் 1999-இல் மேஜிக் லான்டர்ன் குழு, குமரவேல் எழுதிய வடிவத்தை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நாடகமாக நிகழ்த்தியது. அறுபதாண்டுகளுக்கு மேலாக, எடுக்கப்படாத ஒரு படத்துக்கு வீட்டுத் திண்ணையிலும் நூலக வாசலிலும் நடிகர்களைத் தேர்ந்துகொண்டிருந்த சமூகம் இது. கடைசியில் ஒருவர் வந்து வேறொரு பட்டியலை நீட்டினால் இவரா என்று கேட்காமல் என்ன செய்யும்?

படம் வந்த பிறகு அந்த ஐயங்கள் என்னவாயின? வயதைப் பற்றிய கேள்வி சரியான கேள்விதான் என்பதை இயக்குநரே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது திரைக்கதை. இளம் நந்தினியும் இளம் கரிகாலனும் வரும் பகுதிகளுக்கு வேறு இளையவர்களைப் போட்டு, இரண்டாம் பாகத்தை அவர்களோடே தொடங்குகிறார். ஐம்பதைக் கடந்த முகமும் ஐம்பதை நெருங்கும் முகமும் அப்போது இளமைக் காதலின் முகங்களாக இல்லாமல், நெடுநாள் ஆறாத புண்ணின் முகங்களாகின்றன. அந்தத் தேர்வு கதையின் எடையையே நகர்த்திவிட்டது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது நாவல். அவன் கண்வழியே நாம் சோழநாட்டைப் பார்க்கிறோம், கரிகாலனை அபூர்வமாகவே சந்திக்கிறோம். படமோ கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. வந்தியத்தேவன்மேல் காதல்கொண்டு கருகும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. கடம்பூர் மாளிகையின் அரையிருட்டில் கரிகாலனும் நந்தினியும் நேர்கொள்ளும் இடம் படத்தின் உச்சமாகிறது. அவன் சாவை நாவல் புதிராக விட்டிருக்க, படம் அதை இருவருக்குமிடையே தீரவேண்டிய கணக்காகப் படிக்கிறது. ராவணனில் இதே இருவரைக் கடத்தியவனும் கடத்தப்பட்டவளுமாகப் பார்த்த நினைவும் அந்த இருட்டில் கூட நிற்கிறது. விக்ரமைக் கரிகாலனாக்கிய அன்றே இந்தப் படம் யாருடைய கதை என்பது தீர்மானமாகிவிட்டது எனலாம். கல்கியின் குறும்பை, வந்தியத்தேவனின் வாய்ச்சவடாலை நேசித்த வாசகருக்கு இது இழப்புத்தான்; பருத்திவீரனின் துடுக்கைக் கொண்டுவந்த கார்த்திக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். அந்த வருத்தம் சொல்லத்தக்கது. ஆனால் அது நடிகர் பொருந்தவில்லை என்ற வருத்தமல்ல, உரை வேறாகிவிட்டது என்ற வருத்தம்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் மூன்று வலுவானவை. பொய்த்த ஐயங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வரலாறு சொல்கிறீர்கள், பலித்தவற்றை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது முதலாவது. உண்மை. தோற்ற படத்தின் தவறான தேர்வு படத்தோடு புதைந்துபோகும். ராவணை எடுத்துக்காட்டியதே அதற்காகத்தான். அண்மை உதாரணமும் உண்டு: நாயகனுக்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மணிரத்னமும் கமல்ஹாசனும் சேர்ந்த தக் லைஃப், 2025 ஜூனில் வெளிவரும் முன்பே அதன் ஜோடிப்பொருத்தமும் வயது இடைவெளியும் கேள்விக்குள்ளாயின; படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. தோல்விக்கு அதுவே காரணம் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கேள்வியைப் படம் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. இரண்டாவது மறுப்பு: தேர்வை உரை என்று உயர்த்திப் பேசுகிறீர்கள், நடப்பது வியாபாரம், ஐந்து மொழிகளில் விற்க ஐந்து மொழிக்காரர்களுக்கும் தெரிந்த முகம் வேண்டும், அவ்வளவுதான். இதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் வியாபாரம் எப்போது இல்லாமல் இருந்தது? சுந்தராம்பாளுக்குக் கொடுத்த லட்சம் ரூபாயும் வியாபாரம், வேணு செட்டியாரின் தயக்கமும் வியாபாரம். எந்தக் காரணத்துக்காக ஒரு முகம் உள்ளே வந்தாலும், வந்த முகத்தை வைத்து என்ன செய்யப்பட்டது என்பதே படமாக நமக்கு மிஞ்சுகிறது. மூன்றாவது, இந்த ஐயங்கள் பெரும்பாலும் நிறம், ஊர், மொழி பற்றிய வெறும் மனச்சாய்வுகள் என்பது. சில அப்படித்தான். மொழியைப் பற்றிய ஐயத்தையாவது முற்றிலும் தள்ளிவிட முடியாது. பம்பாயில் மனீஷா கொய்ராலாவுக்கு ரோகிணி குரல்கொடுத்ததுபோல் இரவல்குரலால் பாதி ஈடுகட்டலாம். வாயசைவு சொல்லோடு சேராத கணத்தில் தமிழ்க் காது உடனே விழித்துக்கொள்ளும். எந்த ஐயம் பாத்திரத்தின்மேல் உள்ள அக்கறையிலிருந்து வருகிறது, எது வெறும் பழக்கத்திலிருந்து வருகிறது என்று சலித்தெடுக்கும் வேலை ஐயப்படுபவருடையது.

இந்த வழக்கத்தின் வரலாறு நமக்குத் தருவது ஒரு பொறுமையைத்தான். அபிமான இயக்குநரின் அடுத்த படத்துக்குப் பொருந்தாத பெயரொன்று அறிவிக்கப்படும்போது ஐயத்தை விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பாத்திரத்தை நாம் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறோம் என்பதற்கு அது சான்று. கதையை அறியாத ஊரில் இப்படி ஒரு சச்சரவு எழாது. ஐயத்தைத் தீர்ப்பாக்கிவிடுவதுதான் பிழை. உரையின் முதல் வரியைப் படித்துவிட்டு ஏட்டை மூடுவதற்கு அது சமம். மணியம் அன்று தூரிகையால் செய்ததும் ஒரு நடிகர் தேர்வுதான். கல்கியின் எழுத்தில் மட்டும் இருந்த ஒருவனுக்கு அவர் மூக்கும் மீசையும் கொடுத்தார். 1950-இல் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த வாசகரும், வந்தியத்தேவன் இப்படியா இருப்பான் என்று ஒரு கணம் புருவத்தை உயர்த்தியிருக்கக்கூடும். அதற்காக அடுத்த வாரம் இதழ் வாங்காமல் விட்டிருக்கமாட்டார்.